காயாத சாறு

மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தவள் எடுக்கவேயில்லை. செல்கள் உயிரோடு இருந்தன. சும்மா உயிரோடு இல்லை, கொழுத்துப்போய், தோளோடு தோள் இடித்துக்கொண்டு, பிளாஸ்டிக் தட்டின் குழியில் அடி தெரியாமல் அப்பியிருந்தன. அடுத்த குழிக்கு நகர்த்தினாள். அங்கேயும் அதே கூத்து. வேர்ச்சாறு ஊற்றியது எது, வெறும் தண்ணீர் ஊற்றியது எது என்பது மூடியில் எழுதியிருந்ததைப் பார்த்தால்தான் தெரிந்தது. போன மாதம் இதே சாறு இதே புற்றுநோய் செல்களை ஒன்று விடாமல் தீர்த்துக்கட்டியிருந்தது. அவை உருண்டு சுருங்கி மிதந்ததைப் போனில் படமெடுத்து அக்காவுக்கு அனுப்பியது அவள்தான். கீழே 'எல்லாம் காலி' என்று எழுதியதும் அவள்தான். அதை எழுதச் சொல்லி யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை.

அக்காவுக்கு மார்பில் கட்டி. ஆஸ்பத்திரியில் கீமோ மருந்தை டிரிப்பாக ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஏற்றிவிட்டு வரும் ஒவ்வொரு முறையும் பாத்ரூம் வாசலிலேயே படுக்கையைப் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியபோதுகூட "ஷாம்பு செலவு மிச்சம்" என்று சிரித்தவள், வாந்திக்கு மட்டும் பயந்தாள். அத்தான் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டுகிறவன் காலடியில் ஒரு பிரேக் இருந்தாலும் தன் காலடியில் இன்னொன்று இருந்தால்தான் வண்டியில் ஏறுவார். அந்தப் புத்தியில்தான் நாட்டு வைத்தியர் ஒருவரிடம் வேர்க்கட்டு வாங்கி வந்தார். டிரிப்போடு இதுவும் இருக்கட்டும் என்பது அவர் கணக்கு.

"ரெண்டையும் என் உடம்பு தாங்காது" என்றாள் அக்கா. "ஏண்டி, நீ லேபுலதான குப்ப கொட்டுற? இந்த வேர் அத கொல்லுதான்னு பாத்துச் சொல்லு. கொல்லுதுன்னா இது போதும் எனக்கு. அடுத்த டிரிப்புக்கு முன்னாடி சொல்லிடு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் அவளை ஓட ஓட விரட்டியது. மூலிகைகளைச் சோதிப்பது அவர்கள் லேபின் அன்றாட வேலை. புரொபசரிடம் கேட்டபோது உடனே சரி என்றார். வேரை இடித்து ஸ்பிரிட்டில் ஊறவைத்து, வடிகட்டி, வெந்நீர்த் தொட்டியில் வைத்து ஸ்பிரிட் முழுக்க ஆவியாகிப் போகும்வரை காயவைக்க வேண்டும். ஸ்பிரிட் மிஞ்சினால் அதுவே செல்லைக் கொன்றுவிடும். அதனால் எடை போட்டு, மறுபடி காயவைத்து, மறுபடி எடை போடுவார்கள். இனிமேல் குறையவில்லை என்றால் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். ஆனால் லேபில் நாள்பட்டவர்கள் யாரும் அந்த இரண்டாவது எடையைப் போடுவதில்லை. குடுவையை மூக்கருகே கொண்டுபோவார்கள், ஸ்பிரிட் வாடை இல்லையென்றால் முடிந்தது. அவள் மூக்கு அதில் பேர் வாங்கிய மூக்கு. அன்றும் முகர்ந்தாள், வாடை இல்லை. எப்படி இருக்கும்? அவளுக்கு அப்போது மூக்கடைத்த ஜலதோஷம். காப்பியே வெந்நீர் மாதிரி இறங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை.

படம் போனது. அக்கா டிரிப்புக்குப் போகவில்லை. "எதுக்கும் டாக்டர்கிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கோ" என்று இவள் சொன்னது உண்மைதான். ஆனால் ஜெயித்த சந்தோஷத்தில் சொன்னதை யார் அறிவுரையாக எடுத்துக்கொள்வார்கள்? வழக்கப்படி மறுபடி ஒருமுறை செய்து பார்க்கலாம் என்றால் செல்களில் பூஞ்சை விழுந்து எல்லாவற்றையும் கொட்ட வேண்டியதாயிற்று. புதிதாக வளர்த்தெடுப்பதற்குள் அக்கா இன்னொரு டிரிப்பையும் விட்டுவிட்டாள்.

அவள் நகர்ந்ததும் புரொபசர் மைக்ரோஸ்கோப்பில் குனிந்து பார்த்தார்.

"போன தடவ எடை ரெண்டு வாட்டி போட்டீங்களா?"

அவள் மூடியில் எழுதியிருந்ததை மறுபடி படித்தாள்.

"சரி விடுங்க, கட்டுரை எழுதறதுக்கு முன்னாடி தெரிஞ்சுதே. வேற வேர் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கோபப்படவேயில்லை. அது யார் குடிக்கும் வேர் என்று அவருக்குத் தெரியாது. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது அவளுக்கு.

பஸ்ஸில் வழிநெடுக எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்தாள். கதவைத் திறந்த அக்கா தலையில் துணி கட்டியிருக்கவில்லை. முகத்தில் சதை பிடித்திருந்தது. வாசலிலேயே இவள் கையைப் பிடித்து இழுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"தடவிப் பாரு. எப்படி? நேத்து உங்க அத்தான்கிட்ட சீப்பு கேட்டேன், மனுஷன் அழுதுட்டாருடி."

உள்ளங்கைக்கடியில் புதுத் துண்டைத் தொட்டாற்போல் குட்டி முடி. சமையலறையில் அத்தான் கரண்டியால் கிண்டும் சத்தம் கேட்டது. மாலை வேளை வேர்க் கஷாயம்.

"அக்கா, அந்தப் படம் தப்பு."

"எந்தப் படம்?"

"நான் அனுப்பினது. அதெல்லாம் செத்தது வேரால இல்ல. சாறு சரியா காயல, ஸ்பிரிட் மிச்சமிருந்திருக்கு. எனக்குச் சளி, வாடை தெரியல. இப்ப ஒழுங்கா காய வெச்சுப் போட்டேன். ஒண்ணுகூட சாகலக்கா. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். நானும் வரேன்."

சமையலறையில் சத்தம் நின்றது.

அக்காவின் முகத்தில் கோபத்தைக் காணோம். ஏதோ கணக்கு இடிப்பதுபோல் புருவம் சுருங்கியது. தலைமேல் வைத்த கையை விடவுமில்லை.

"அப்ப இது? இது எப்படி முளைச்சுது?"

அவளுக்குப் பதில் தெரியும். டிரிப் வேகமாக வளர்கிற எதையும் விடாது, முடியையும் சேர்த்துத்தான் அடிக்கும். அதை நிறுத்தினால் முடி வளரும். கட்டியும் வளரும்.

"சொல்லுடி."

"டிரிப் போடாததால."

அத்தான் கையில் டம்ளரோடு சமையலறை வாசலில் வந்து நின்றார். அதிலிருந்து ஆவி பறந்தது. இப்போது அவளுக்கு மூக்கு நன்றாகவே வேலை செய்தது, அந்த வேரின் கசப்பு வாடை வீடு முழுக்க இருந்தது, சுவரில், திரைச்சீலையில், அக்காவின் மேலெல்லாம். டம்ளரை நீட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் அவர் பிடித்தபடியே நின்றார். அக்கா இன்னும் அவள் கையைத் தன் தலையோடு அழுத்திப் பிடித்திருந்தாள். முடி உள்ளங்கையில் குறுகுறுவென்று குத்தியது.