குரல் கொடுக்காமல் விட்ட கல்

லாரி மேல் நான், தரையில் நெட்டையன். 'ந்தா' என்று குரல் கொடுத்துச் செங்கல்லை விடுவேன். அவன் ஒற்றைக் கையில் பிடித்து அடுக்குவான். குரல் இல்லாமல் கல் இறங்கக் கூடாது. எங்கள் களத்தில் அதுதான் முதல் பாடம். மீறினால் அன்றைக்கே சீட்டு கிழியும்.

நெட்டையனுக்கு இடது கைதான் இயல்பு. எல்லோரும் வலது கையால்தான் வேலை செய்யணும் என்ற ஒருகைச் சட்டம் வந்து நாலு வருஷம். 'கைகள் ஒன்றானால் மனங்கள் ஒன்றாகும்' என்று களத்துச் சுவரில் ஆளுயர எழுத்து. பீச்சாங்கைக்காரனை முகாமுக்குக் கொண்டுபோவார்கள். போனவர்களில் இரண்டு பேர் திரும்பினார்கள். அவர்களுடைய இடது விரல்கள் மடங்காது.

என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தான். மழைக்காலம் முழுக்க உட்கார வைத்து அவனுக்கு வலது கையைப் பழக்கினேன். என் 'ந்தா' கேட்டால் வலது கை எழும். கேட்காவிட்டால் பழைய கைதான்.

இடது கைக்காரர்களைக் கண்டுபிடிக்கும் சோதனையன்று காலையில் மேஸ்திரி வந்து சொன்னார்.

"புது உத்தரவுப்பா. அடுத்த மாசத்துலேர்ந்து பீச்சாங்கை மாட்டினா அவன் ஜோடியும் கூடப் போகணும். கட்டின பொண்டாட்டிகூட வர மாட்டா, நீங்க போவீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இன்றைக்கு மாட்டினால் அவன் மட்டும். அடுத்த மாதம் என்றால் நானும்.

"ஏண்ணே மூஞ்சி செத்துப்போச்சு?" என்றான் நெட்டையன். "நீ குரல் குடு. மிச்சத்தக் கை பாத்துக்கும்."

அதிகாரி நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். ஜோடிக்கு இருபது கல். பதினேழு ஒழுங்காக இறங்கின. பதினெட்டாவதை எடுத்தேன்.

மறந்துவிட்டேன் என்று பிற்பாடு எனக்கே பலமுறை சொல்லிப் பார்த்தேன். மறக்கவில்லை. வாயைத் திறந்தேன், மூடினேன், கல்லை விட்டேன்.

இடது கை எழுந்தது. உள்ளங்கைக்கு வைக்கும் ரப்பர் துண்டு வலது கையில்தான் இருந்தது. வெறும் தோலில் கல் உரசிக் கிழித்தது. அப்போதும் அவன் கல்லைக் கீழே போடவில்லை.

அதிகாரி எழுந்து வந்தார். "மேல இருக்கறவன் குரல் குடுத்தானா?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். பக்கத்து லாரிகளின் இரைச்சலில் எங்கள் இருவரைத் தவிர யாருக்கும் எதுவும் கேட்டிருக்காது.

"குடுத்தாருங்க," என்றான் நெட்டையன். "நான்தான் கவனிக்கல."

முகாம் வண்டியில் ஏற்றும்வரை அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் நெட்டையன் மனைவி என் வீட்டுக்கு வந்தாள். என் மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டாள். வந்தவள் உட்காரவில்லை.

"முகாம் வாசல்ல அஞ்சு நிமிஷம் பாக்க விட்டாங்கண்ணே. அண்ணன் வேலைக்கு ஒண்ணும் ஆபத்து வந்துடலையேன்னுதான் மொதல்ல கேட்டாரு."

நான் தரையைப் பார்த்தேன்.

"ஒண்ணு கேக்கட்டுமாண்ணே? நீங்க குரல் குடுத்தீங்கதான? அவருக்குக் காது அவ்வளவு மந்தமில்லயே."

என் மனைவியும் என்னைப் பார்த்தாள்.

"குடுத்தேம்மா," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். "ரெண்டு தடவை குடுத்தேன்."

"அப்ப அவரு மேலதாண்ணே தப்பு," என்றாள். "நீங்க மனசப் போட்டு அலட்டிக்காதீங்க."

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனாள்.