ஊற்றாமல் விட்ட ஒரு ஜக் தண்ணீர்

ஏணியின் ஐந்தாவது படியில் நின்றபடி, கூரைப் பொந்துக்குள் கையை விட்டார் ஜக்கு. விரலில் ரப்பர் தட்டுப்பட்டது.

அவ்வளவுதான். உள்ளங்கால் வரை சில்லிட்டுவிட்டது.

"என்ன சம்பந்தி, கண்டுபிடிச்சாச்சா?" கீழேயிருந்து சம்பந்தியம்மா குரல் கொடுத்தாள். மகளின் மாமியார். "மேல பாத்ரூம்ல இருந்துதானே ஒழுகுது? உங்க வாயால சொல்லிடுங்க. நான் சொன்னா இவங்களுக்கு ஏற மாட்டேங்குது."

'இவங்க' கதவோரம் நின்றிருந்தாள். மாடியில் வாடகைக்குக் குடியிருக்கும் தையல்காரம்மா. கழுத்தில் அளவு டேப். பாதித் தையலில் எழுப்பிக் கூட்டி வந்திருக்கிறார்கள்.

"ரெண்டு தடவை தரையை உடைச்சுப் பாத்தாச்சுக்கா. பைப்புல ஒண்ணுமில்லன்னு பிளம்பரே சொல்லிட்டார். ஒரு மாசமா எதிர்வீட்டுல போய்க் குளிக்கிறேன்."

"அப்ப தண்ணி என்ன ஆகாயத்துல இருந்தா குதிக்குது? சம்பந்தி சொல்லட்டும். உங்க பைப்புதான்னு சொல்லிட்டாருன்னா, மாசக் கடைசியில வீட்டைக் காலி பண்ணிடணும். ஆமா!"

ஜக்கு என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல. கூட வேலை செய்பவர்கள் வைத்தது. வீடுகளுக்கு ஃபேன் காயில் யூனிட் மாட்டுவது அவர் தொழில். அறையைச் சூடாக்கவும் குளிராக்கவும் கூரைக்குள் ஒளிந்திருக்கும் தகரப் பெட்டி. குளிர்காலத்தில் அதன் செம்புச் சுருளில் வெந்நீர் ஓடும், கோடையில் குளிர்நீர் ஓடும். பின்னாலிருந்து விசிறி ஊதும். கோடையில் அந்தச் சுருள், ஐஸ் தண்ணீர் வைத்த டம்ளர் மாதிரி வியர்க்கும். வியர்வை அடியிலிருக்கும் தட்டில் விழுந்து குழாய் வழியாக வெளியேறும். தூசி போகாமலிருக்க, தட்டின் வாயில் சிவப்பு ரப்பர் மூடி ஒன்றைக் கம்பெனியிலேயே செருகி அனுப்புவார்கள். மாட்டுகிறவன் அதைப் பிடுங்கிவிட்டு, ஒரு ஜக் தண்ணீர் ஊற்றி, மறுமுனையில் கொட்டுகிறதா என்று பார்த்த பிறகே கூரையை மூட வேண்டும்.

"ஜக்கு ஊத்துனியா?" இருபத்திரண்டு வருடமாக இதைக் கேட்டுக் கேட்டே ஆட்களின் பிராணனை வாங்கியவர். போன மாதம்கூட, ஊற்றாமல் மூடிய ஒரு ஃபிட்டரை எல்லார் முன்னாலும் பிடித்து, "சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கறியா?" என்று கேட்டார். அவன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது இப்போது கண்ணுக்குள் வந்தது.

அதே மனிதர், பெற்ற மகள் வாழ வந்த வீட்டில் ஊற்றவில்லை.

மறதி என்று சொல்லிக்கொள்ளலாம். மறதி இல்லை. இங்கே யூனிட் மாட்டிய அன்றைக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள். "எங்க சம்பந்தி இன்ஜினியராக்கும்!" என்று சம்பந்தியம்மா எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டிருந்தாள். வேலையை முக்கால்வாசி முடித்துச் சலவைச் சட்டைக்கு மாறியிருந்தார். அந்தக் கோலத்தில் சமையலறை வாசலில் போய், "ஒரு ஜக்குல தண்ணி குடுங்க" என்று வேலையாள் மாதிரி நிற்க அவருக்குக் கூசியது. 'நாம மாட்டினது என்ன சோடையா போயிடும்?' ரப்பர் மூடி இன்னும் உள்ளேயே இருப்பது தெரியாமல் கூரையை மூடிவிட்டார்.

குளிர்காலம் முழுக்க வெந்நீர் ஓட்டம். சுருள் வியர்க்கவில்லை; குட்டும் வெளிப்படவில்லை. கோடை வந்து குளிர்நீர் திறந்ததும் தட்டு நிரம்பி, சோபா மேல் சொட்டத் தொடங்கிவிட்டது.

ரப்பர் மூடியைப் பிடுங்கினார். கடகடவென்று தண்ணீர் குழாய்க்குள் இறங்கியது. மூடி சட்டைப் பைக்குள் போனது. மூளை யோசிப்பதற்குள் கை முந்திக்கொண்டது.

இறங்கினார்.

"சொல்லுங்க சம்பந்தி!"

"அது... கொஞ்சம் அடைப்பு இருந்துச்சு. மேலருந்தும் வந்திருக்கலாம். இல்லன்னு சொல்றதுக்கில்ல."

"அப்புறமென்ன!"

தையல்காரம்மா சண்டை போடவில்லை. "அண்ணா, நீங்க நல்லாப் பாத்தீங்கதானே?" என்று மட்டும் கேட்டாள்.

"பாத்தேம்மா."

"சரி. வேற வீடு தேடிக்கறேன்." படியேறிப் போனாள். மேலே தையல் மெஷின் சத்தம் மறுபடி கேட்கவில்லை.

மாப்பிள்ளை சுவரிலிருந்த பட்டனை அழுத்தி யூனிட்டைக் குளிருக்குத் திருப்பினார். அரை மணி நேரம் போயிற்று. ஒரு சொட்டு இல்லை. "மாமா கை பட்டா போதும்!"

"சும்மாவா? இன்ஜினியராச்சே!" என்றாள் சம்பந்தியம்மா.

செருப்பால் அடித்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. தேநீர் கொண்டுவந்த மகள், டம்ளரை நீட்டியவள், அவர் சட்டைப் பையைப் பார்த்தாள். ஈரம் பரவியிருந்தது. நனைந்த துணிக்குள் சிவப்பாக ஒரு வட்டம்.

"அப்பா," குரலைத் தாழ்த்தினாள். "அன்னிக்கு ஜக்கு ஊத்துனீங்களா?"

அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பார். அவருக்காக அவள் வெட்கப்பட்டாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

தேநீர் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார். "மாப்பிள்ளை, அந்தம்மாவைத் திரும்பக் கூப்பிடுங்க. எனக்கு ஒரு ஜக் தண்ணி வேணும்மா. பெருசா."

தையல்காரம்மா வந்து நின்றதும் ஏணி ஏறினார். எல்லாரும் பார்க்க, சிவப்பு மூடியைப் பழையபடி செருகினார். ஒரு ஜக் ஊற்றினார். இன்னொன்று. மூன்றாவதில், அதே சோபாவில், அதே கறையின் மேல் சொட்டு விழுந்தது. பிடுங்கினார். நின்றது.

"இதை எடுக்காம மூடினது நான். உங்க பைப்பு மேல தப்பில்லம்மா. கொஞ்சம் முன்னாடி நான் சொன்னது பொய்."

சம்பந்தியம்மா சோபாவில் ஈரம் என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்தாள். "தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா சம்பந்தி? இந்தம்மாவை என்னென்ன பேசிட்டேன்... இனி எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு மாடிப்படி ஏறுவேன்?"

தையல்காரம்மா மூடியைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இத்தனூண்டா?"

"உடைச்ச அந்த பாத்ரூம் தரையை நானே வந்து போட்டுக் குடுத்துடறேன்."

"வேற ஆளா அனுப்புங்கண்ணா." மூடியை அவர் உள்ளங்கையிலேயே திருப்பி வைத்துவிட்டுப் போனாள்.

தரை ஈரத்தைத் துடைக்கக் குனிந்த மகளிடமிருந்து துணியை வாங்கப் போனார். அவள் கொடுக்கவில்லை. "இது நான் வாழற வீடு. நான் பாத்துக்கறேன். நீங்க கிளம்புங்கப்பா." ஏணியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வாசலுக்கு வந்தபோது, மாப்பிள்ளைகூடக் கேட் வரை வரவில்லை.

தெருமுனையில் போன் அடித்தது. போன மாதம் திட்டு வாங்கிய ஃபிட்டர்.

"அண்ணே, இங்க மூணு யூனிட்டுக்கும் ஜக்கு ஊத்திட்டேன். நல்லாப் போகுது. கூரையை மூடலாமாண்ணே?"

ஜக்கு ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்த சிவப்பு மூடியை எடுத்துப் பார்த்தார்.

"அண்ணே? லைன்ல இருக்கீங்களா? வேணும்னா இன்னொரு தடவை ஊத்திப் பாத்துடறேன். கோவிச்சுக்காதீங்க."