மூன்றாவது சுவிட்ச்

யாரும் தொடாத அடுப்பு தானாகச் சூடேறிக்கொண்டிருந்தது. ஓவனின் கண்ணாடிக் கதவுக்குள் கம்பிகள் சிவந்திருந்தன. மேலே, மணி காட்ட வேண்டிய சிறு திரையில் ‘எஃப் 1’ என்று மின்னி மறைந்தது. ஒவ்வொரு மின்னலுக்கும் ஒரு கீச்சொலி. பெரியவள் நிறுத்தும் பொத்தானை நான்கு முறை அழுத்தினாள். ஐந்தாம் முறை நகம் வெளுக்கும்வரை அழுத்தினாள். கம்பிகள் மேலும் சிவந்தன.

அடுத்த அறையில் அப்பா படுத்திருந்தார். பத்து மாதமாக அவர் மூக்கில் ஆக்சிஜன் குழாய். ஆக்சிஜன் தரும் மின் இயந்திரத்தைக் கொண்டுவந்து வைத்த ஆள், அருகில் தீயோ தீப்பொறியோ கூடாது என்று அச்சிட்ட தாள் ஒன்றை அறைக்கதவில் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து பெரியவள் ஊதுபத்தி ஏற்றுவதையே விட்டுவிட்டாள். இப்போது அந்தத் தாளுக்கும் சிவந்த கம்பிகளுக்கும் இடையே ஒரே ஒரு சுவர்.

“என்னடி அது, என்னைவிட அதிகமா முனகுது?” என்றார் அப்பா உள்ளிருந்து. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினார்.

“அடுப்புப்பா. ஒண்ணுமில்ல.”

“ஒண்ணுமில்லாததுக்கா இந்த ஓட்டம் ஓடுற? ஸ்குருவைக் கூப்பிடு.”

ஸ்குரு என்பது அவள் தம்பி. ஆறு வயதில் அப்பாவின் அலாரக் கடிகாரத்தைப் பிரித்து, திரும்பப் பூட்டியபோது மூன்று திருகாணிகளை மிச்சம் வைத்தவன். பேருந்துப் பணிமனையில் நேரக்காப்பாளராக இருந்த அப்பா தம் பணிக்காலத்திலேயே தாமதமாகப் போனது மறுநாள் ஒருநாள்தான். அடிக்கவில்லை, பெயர் வைத்துவிட்டார். அந்தப் பிள்ளை இன்று வீட்டுச் சாதனங்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறான்.

தொலைபேசியை எடுத்தபோது அவன் யார் வீட்டிலோ துணி துவைக்கும் இயந்திரத்தின் அடியில் படுத்திருந்தான்.

“எஃப் ஒண்ணுன்னு காட்டுதுடா. யாரும் போடல. தானா சூடாகுது. கதவைத் திறந்து பார்க்கவா?”

“திறக்காத. கிட்டயே போகாத. உள்ள இருக்கிற சர்க்யூட் பலகைக்குப் புத்தி பேதலிச்சிருச்சு, வேற ஒண்ணுமில்ல. மாடிப்படிக்குக் கீழ பெட்டியில மூணாவது சுவிட்ச், ‘அடுப்பு’ன்னு எழுதி ஒட்டியிருக்கேன். அதை இறக்கிட்டு அஞ்சு நிமிஷம் விடு. அப்புறம் ஏத்து. மறுபடியும் அதே வந்தா இறக்கியே வை, சாயங்காலம் வரேன்.”

“பக்கத்துல அப்பா ரூம்ல ஆக்சிஜன் ஓடுதுடா. தீ கீ பிடிச்சா...”

“அதுக்குத்தான்கா சொல்றேன். சீக்கிரம் போ.”

அவள் முதலில் அப்பாவின் அறைக்கதவை இழுத்துச் சாத்தினாள். புகை வந்தால் உள்ளே போகக் கூடாது. பிறகு மாடிப்படிக்கு ஓடி, மின்பெட்டியைத் திறந்து, தம்பியின் கோணல் எழுத்தைக் கண்டுபிடித்து, மூன்றாவது சுவிட்சைக் கீழே இறக்கினாள்.

திரும்பி வந்தபோது திரை இருண்டிருந்தது. கம்பிகளின் சிவப்பு மெல்ல மெல்ல வடிந்தது. ஆனால் கீச்சொலி நிற்கவில்லை.

“இறக்கிட்டேன். இன்னும் கத்துதேடா.”

அவன் சற்று யோசித்தான். “சில பலகையில கொஞ்சம் கரண்ட் தேங்கி நிக்கும். அது தீர்ற வரைக்கும் கத்தும். விடு.”

“சத்தம்கூட வேற மாதிரி இருக்கு.”

“குறையக் குறைய அப்படித்தான் மாறும். நான் பார்க்காத அடுப்பா? நீ அஞ்சு நிமிஷம் எண்ணு.”

தொழில் தெரிந்தவன் சொன்னால் கேட்பதுதானே முறை. ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி ஓவனுக்கு எதிரே நின்று அவள் எண்ணினாள். கண்ணை எடுத்தால் மறுபடி சிவந்துவிடுமோ என்ற அச்சத்தில் இமைக்காமல் எண்ணினாள். ஒலி கேட்டுக்கொண்டே இருந்தது. முந்நூறு முடிந்ததும் போய்ச் சுவிட்சை ஏற்றினாள். திரையில் எஃப் இல்லை. பூச்சியங்கள் மட்டும் மின்னின. ஒலியும் நின்றது. நெடுநேரம் கட்டிவைத்திருந்த மூச்சை அவள் அப்போதுதான் விட்டாள்.

“அப்பா, சரியாயிடுச்சு” என்று சொல்லிக்கொண்டே அறைக்கதவைத் திறந்தாள்.

இயந்திரம் அப்போதுதான் உயிர்பெற்றதுபோல் உறுமிக்கொண்டிருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. அப்பாவின் ஒரு கை குழாயைப் பிடித்திருந்தது. வாய் திறந்திருந்தது, எதையோ கேட்கத் தொடங்கி நிறுத்தியதுபோல். அவள் தோளைத் தொட்டாள், கூப்பிட்டாள், குழாயைச் சரியாக வைத்தாள், மறுபடி கூப்பிட்டாள். காற்று போய்க்கொண்டே இருந்தது. வாங்குவதற்கு ஆள் இல்லை.

மருத்துவருக்குச் சொல்லிவிட்டு அவள் கட்டிலருகே உட்கார்ந்தாள். அப்போதுதான் அவள் பார்வை இயந்திரத்தின் வயர்மேல் விழுந்தது. அது சுவரோரமாக ஓடி, ஒரு துளை வழியாகச் சமையலறைக்குள் நுழைந்து, அடுப்புக்குப் பின்னால் போய் மறைந்தது. போன மாதம் குளியலறையில் வெந்நீர் போடும்போதெல்லாம் இந்த அறையின் மின்சாரம் நின்றுபோனது. தம்பிதான் வந்து அடுப்பின் இணைப்பிலிருந்து இங்கே இழுத்துவிட்டான். “இனிமே அப்பாவுக்கு ராஜா மாதிரி தனி லைன்” என்றான். அன்று கைவிளக்கைப் பிடித்து நின்றவள் இவள்தான்.

மின்சாரம் நின்றால் ஒலியெழுப்புவது அடுப்பு அல்ல, அப்பாவின் இயந்திரம். அறையின் மூலையில், அவசரத்துக்கென்று வைத்த ஆக்சிஜன் உருளை முத்திரை உடையாமல் நின்றது.

மருத்துவர் வந்தார். நெஞ்சில் வைத்த கருவியை எடுத்து மடித்துக்கொண்டே கேட்டார்: “எத்தனை மணிக்கும்மா?”

திறந்த கதவு வழியே அடுப்பின் திரை தெரிந்தது. சுவிட்சை ஏற்றியதிலிருந்து அதன் கடிகாரம் பூச்சியத்திலிருந்து ஓடிக்கொண்டிருந்தது. “முப்பத்தெட்டு நிமிஷம்” என்றாள்.

“மணி கேட்டேன்மா.”

“பதினொண்ணு பத்து இருக்கும்.” பிறகு, தன் குரல்தானா என்று தனக்கே ஐயமாகும்படி, “மெஷின் கொஞ்ச நேரம் நின்னிருந்தா?” என்று கேட்டாள்.

மருத்துவர் அவள் முகத்தைப் பார்த்தார். “நேத்து நான் கேட்ட நெஞ்சு இந்த வாரம் தாங்கும்னே நான் நினைக்கல. இன்னிக்கா நாளைக்கான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா.”

இல்லை என்று மட்டும் அவர் சொல்லவில்லை.

அதன்பின் அவளைப் பிடித்த அச்சம் வேறு வகை. தம்பி வருவான், வயரைப் பார்ப்பான். தேங்கிய மின்சாரம் என்று தான் சொன்னது அவன் நினைவுக்கு வரும். அப்பா பெயர் வைத்த பிள்ளை அவன். வாழ்நாள் முழுவதும் அந்தப் பெயரோடு நடக்க வேண்டியவன். அவள் அப்பாவின் கட்டிலைச் சுவரோடு நெருக்கித் தள்ளினாள். வயரின்மேல் ஒரு போர்வையை நழுவவிட்டாள்.

அவன் வந்தான். அப்பாவின் காலடியில் வெகுநேரம் நின்றான். பிறகு சமையலறைக்குப் போய், அடுப்பின் முகப்பைக் கழற்றத் தொடங்கினான்.

“பெத்தவன் அங்க கிடக்கான், இவன் அடுப்பை நோண்டுறான்” என்றாள் துக்கத்துக்கு வந்திருந்த அத்தை. “சின்னதுல இருந்தே இப்படித்தான். அன்னிக்குக் கடிகாரம், இன்னிக்கு இது.”

“விடுங்க அத்தை” என்றாள் பெரியவள். அவள் கண்கள் அவன் கைகளை விட்டு நகரவில்லை. அடுப்பை இன்னும் ஒரு சாண் முன்னால் இழுத்தால் பின்சுவர் தெரிந்துவிடும். அவன் இழுக்கவில்லை.

“பலகைக்குப் போற பட்டை வயர் ஒண்ணு லேசா கழண்டிருந்துச்சு” என்றான். கட்டைவிரலால் அழுத்தினான். சிறு ஒலியோடு அது பொருந்தியது. “இவ்வளவுதான்.”

அடக்கம் முடிந்து திரும்பிய மறுநாள் பிற்பகலில் இருவரும் சமையலறையில் தேநீர்க் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். இருவருமே குடிக்கவில்லை.

“அந்த முயல் கதை ஞாபகம் இருக்காக்கா?” என்றான் தம்பி.

அப்பா சொல்லும் கதைதான். காட்டில் தீப்பிடிக்கிறது. இரை தேடப் போன தாய்முயல் விழுந்தடித்து ஓடிவருகிறது. குட்டிகள் வளைக்குள் இருக்கின்றன. புகை உள்ளே போகாதிருக்க, வளையின் வாயை மண் போட்டு அடைத்து, அதன்மேல் படுத்துக்கொள்கிறது. தீ எல்லாம் அணைந்த பிறகு எழுந்து மண்ணைத் தோண்டத் தொடங்குகிறது. அந்த இடம் வந்ததும் அப்பா கடிகாரத்தைப் பார்ப்பார். மீதி நாளைக்கு என்று எழுந்துவிடுவார். எத்தனையோ முறை சொல்லியும் முயல் தோண்டி முடித்ததேயில்லை.

“இருக்கு” என்றாள்.

“உனக்காவது முடிவு சொன்னாரா?”

அவள் கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

“சொன்னாரு. போன வாரம்தான் கேட்டேன். தீ வர்றதுக்கு முன்னாடியே குட்டிங்க பின்பக்க வழியாப் போயிருச்சாம்.”

தம்பி கோப்பையிலிருந்து தலையை நிமிர்த்தினான்.

“பின்பக்க வழி இருந்துச்சா அந்த வளையில?”

“இருந்துச்சுன்னாரு.”

“எனக்கு வர்ற வழியிலயே ஞாபகம் வந்திருச்சுக்கா” என்றான் அவன். அவன் பார்வை அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவருக்குப் போனது. குளிர்சாதனப் பெட்டி ஒருமுறை உறுமி அடங்கியது.

அவன் எழுந்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்குக் கீழே போனான். மின்பெட்டி திறக்கும் ஓசை கேட்டது. பிறகு ஓசையே இல்லை. வெகுநேரம் இல்லை. அந்த இடத்தில் பகலிலும் வெளிச்சம் போதாது.

பெரியவள் அலமாரியிலிருந்த கைவிளக்கை எடுத்துக்கொண்டு போய், அவன் தோளுக்குப் பின்னால் நின்று பிடித்தாள். வட்ட வெளிச்சம் மூன்றாவது சுவிட்சின்மேல் விழுந்து ஆடியது. இன்னொரு கையால் தன் மணிக்கட்டைப் பற்றி அதை ஆடாமல் நிறுத்தினாள்.

‘அடுப்பு’ என்ற சொல்லுக்குக் கீழே, கோணாமல், ஒவ்வோர் எழுத்தாக அவன் எழுதினான்: ‘அப்பா அறை’.

மை காயும்வரை அவள் விளக்கை அணைக்கவில்லை.