கடைசி லயத்து வெளிச்சம்

மண்ணெண்ணெய் கிடைக்காத அந்த வருஷம், நோர்வூட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், வரிசை வீடுகளான லயங்களில் கடைசி லயத்துக்காரர்கள் எல்லாரும் சுலக்ஷனா என்ற கைக்குழந்தையின் இடது கண் வெளிச்சத்தில்தான் இரவுச் சோறு தின்றார்கள். கரண்ட் பாதி நாள் இருக்காது. மெழுகுவர்த்தி விலையைக் கேட்டாலே வயிறு எரியும். ஒரு நாள் பொழுது சாயும் நேரத்தில் தாய் நிஷாந்தி பிள்ளையைச் சேலைத் தொட்டிலில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போனாள். திரும்பி வந்தபோது கூரைத் தகரத்தில் ஒவ்வோர் ஆணியும் தெரிந்தது. பிள்ளையின் கருமணிக்குள்ளிருந்து பால் மாதிரி வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பிள்ளை அழவில்லை, சிரித்தது.

அடுத்த வாரமே அந்த ஒற்றையறைக் காம்பராவில் உட்கார இடமில்லை. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளைகள் அங்கேதான் படித்தார்கள், பெண்கள் அரிசியில் கல் பொறுக்கினார்கள். கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பு தாயி என்பார்கள், நிஷாந்தியும் பிள்ளையைத் திருப்பிப் பிடிப்பாள். அது தூங்கிவிட்டால் லயமே இருண்டுவிடும் என்று பக்கத்துக் காம்பரா காளியாயி கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. சோற்றில் என்ன கிடக்கிறதென்று தெரியாமல் இருட்டில் தின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த அருமை தெரியும். வெளிச்சத்துக்குக் கண்ணூறு படக்கூடாதென்று பிள்ளையின் கன்னத்தில் மைப்பொட்டு வைத்தார்கள். அது அணையவே கூடாதென்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். நிஷாந்தி மட்டும் ஒன்றைக் கவனித்தாள். கிலுகிலுப்பை இடது பக்கம் போனால் பிள்ளை அதைப் பார்க்கவில்லை. புருஷன் கஜேந்திரனிடம் சொன்னாள். சும்மா இரு புள்ள, நீயே கண்ணு வெச்சுராத என்றுவிட்டான்.

பெட்ரோல் இல்லாமல், கைப்பிள்ளைகளைப் பார்க்க வரும் மருத்துவமாதுவின் ஸ்கூட்டர் மலையேறி வர நாளாகிவிட்டது. வந்த அன்று பட்டப்பகலில் கதவைச் சாத்தச் சொன்னாள். பார்த்தாள். திரும்பவும் பார்த்தாள்.

"இது வெளிச்சம் இல்லம்மா, கட்டி. கண்ணுலயும் கேன்சர் வரும். இன்னைக்கே கொழும்புக்குக் கொண்டு போகணும்."

வெளிச்சம் தருவது நோயாக இருக்குமா என்று முதலில் ஒருவரும் நம்பவில்லை. பிறகு எல்லாரும் ஒரேயடியாக நம்பினார்கள். நோர்வூட் கடைக்காரர் பைஸர் லொறிக்கென்று ஒளித்து வைத்திருந்த டீசலை வேனுக்கு ஊற்றிக் கொடுத்தார். கொழும்பில் டொக்டர், கண்ணை எடுத்தால் பிள்ளை பிழைக்கும், விட்டால் மூளைக்கு ஏறும் என்றார். முந்தியே வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாமா என்று கஜேந்திரன் கேட்டான். அவர் பிள்ளையின் காலைத் தடவிக்கொண்டிருந்தார். எடுத்த கண் கிண்ணத்துக்குள் கிடந்து சாயங்காலம் வரை எரிந்தது. தாதிமார் அதைத் துணியால் மூடிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

மற்றக் கண் இப்போதைக்குச் சுத்தம், ஆனால் அதிலும் வரலாம், மயக்க மருந்து கொடுத்துச் சோதிக்க மாதாமாதம் கொண்டுவர வேண்டும் என்றார் டொக்டர். வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம் என்று நிஷாந்தி கேட்டாள். செய்ய ஒன்றுமில்லை, கருமணி வெள்ளையாகத் தெரிந்தால் ஒரு நாளும் தாமதிக்காமல் வாருங்கள் என்று சொன்னார். அந்த "ஒன்றுமில்லை"யைத் தூக்கிக்கொண்டு அவர்கள் மலையேறி வந்தார்கள். காளியாயி கிலுகிலுப்பையை அடுப்பில் போட்டாள். அதற்குப் பிறகு அவர்கள் வாசற்படியை அவள் மிதிக்கவில்லை.

வந்த அன்று சாயங்காலம் கரண்ட் இருந்தது. மற்றக் கண்ணிலும் வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க நிஷாந்தி பல்பை அணைத்தாள். லயத்தில் நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பரா வெளிச்சம் மேலால் வந்து விழுந்தது. பிள்ளையின் கண்ணில் மினுங்குவது பல்பா, அதுவா என்று தெரியாமல் அவள் விம்மி அழுதாள். சுவருக்கு அந்தப் பக்கம் காளியாயிக்கு அது கேட்டது. தன் பல்பை அணைத்தாள். பிறகு அடுத்த காம்பராவில் அணைந்தது, அதற்கடுத்ததிலும்.

இப்போது கரண்ட் ஒழுங்காக வருகிறது. ஆனாலும் பொழுது சாய்ந்து கொஞ்ச நேரத்தில் கடைசி லயத்து பல்புகள் தாமே அணைந்துவிடும். யாரும் சுவிட்சைத் தொடுவதில்லை. கரண்ட்காரர் ஒருவர் வந்து வயரெல்லாம் சோதித்து, ஒரு பிழையும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். அந்நேரம் பெண்கள் அடுப்பை மூடிவைப்பார்கள், படிக்கிற பிள்ளைகள் புத்தகத்தை மடித்துவைப்பார்கள். வேறு என்னதான் செய்ய முடியும்? அணையக்கூடாதென்று வேண்டிக்கொண்ட அதே ஆத்தாளிடம், எரியக்கூடாதென்று வேண்டிக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

கடைசியில் காளியாயிதான் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்பாள்.

"எப்பிடிம்மா இருக்கு?"

"இருட்டாத்தான் இருக்கு அக்கா."

அதற்குப் பிறகு பல்புகள் எரியும். எல்லாரும் சோற்றில் கை வைப்பார்கள்.