பள்ளமா, மேடா?

மூன்று மணிக்குக் கூட்டம். அதற்காக மறுபடியும் இரவலாக வந்திருந்த கல்லின் பெட்டியைத் திறந்தபோது மணி பன்னிரண்டு. அருங்காட்சியகத்தின் புகைப்படக்காரர் பஞ்சை விலக்கி, கற்பலகையின் மேல் படிந்திருந்த தூசியை ஊதிவிட்டு, அதில் ஓடிய தடத்தின் மேல் ஆசையாக விரலை வைத்தார். விரல் இறங்கியது. ஏற வேண்டிய விரல் இறங்கியதும் அவர் அதை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தார்.

ஒரு விரல் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன என்று கேட்கக் கூடாது. அந்தக் கல் ஐம்பத்தைந்து கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடிச் சேறாக இருந்தது. அந்தச் சேற்றில் ஏதோ ஒன்று போயிருக்கிறது. எலும்பில்லை, ஓடில்லை, உடம்பு கரைந்துபோய், போன வழி மட்டும் கல்லாகிவிட்டது. ஆளைப் பார்க்காமல் நடையை வைத்தே ஆளைப் பற்றிச் சொல்வது அவருடைய மச்சினியின் வேலை. மனைவியின் தங்கை. கெட்டிக்காரி, வாயும் கொஞ்சம் நீளம்.

இரண்டு வருடங்களுக்கு முன் இந்தக் கல் முதல் தடவையாக நான்கே நாள் இரவலாக வந்தது. அந்த நான்கு நாள் பார்த்து மச்சினிக்குச் சின்னம்மை. "அத்தான், நல்லா படம் எடுத்து வையுங்க, நான் அதை வச்சே பார்த்துக்கறேன்" என்று போனில் முனகினாள். அறுபது படம் எடுத்துக் கொடுத்தார். அறுபதிலும் தடம் கயிறு மாதிரி புடைத்து நின்றது. பள்ளமாக இருந்தால் அந்த உயிர் சேற்றின் மேல் ஊர்ந்தது என்று அர்த்தம். அது ஊரறிந்த கதை. மேடாக இருந்தால் அடியில் துளைத்துப் போய் மேல் சேற்றைத் தூக்கிவிட்டது என்று அர்த்தம். அவ்வளவு பழைய சேற்றில் அப்படித் தோண்டத் தெரிந்த உயிர் என்றால் பெரிய விஷயம். படங்களை வைத்தே மச்சினி அப்படிக் கட்டுரை எழுதிவிட்டாள். இன்றைக்கு அதைப் பற்றித்தான் அவள் பேச்சு. பேச்சு நன்றாக அமைந்தால் அவளுடைய தற்காலிக வேலையை நிரந்தரமாக்கப் பரிந்துரைப்பதாகத் துறைத்தலைவர் வாக்குக் கொடுத்திருந்தார்.

தப்பு எங்கே நடந்தது என்று புகைப்படக்காரருக்கு உடனே புரிந்துவிட்டது. கல்லைப் படமெடுப்பவர்களுக்கு எழுதாத சட்டம் ஒன்று உண்டு: வெளிச்சம் மேல் இடது மூலையிலிருந்து வர வேண்டும். பார்ப்பவர்களின் கண் அதற்கே பழகியிருக்கிறது. அன்றைக்கு இடது பக்கச் சுவரில் பிளக் எரிந்துபோயிருந்தது. வெளிச்சம் எங்கிருந்து வந்தால் என்ன என்று விளக்கைக் கீழ் வலது பக்கம் வைத்தார். வைத்தவர் படத்தின் ஓரத்தில் ஓர் அம்புக்குறி போட்டிருக்கலாம். போடவில்லை. நிழல் இடம் மாறியதில் பள்ளம் மேடாகிவிட்டது. கண்ணால் காண்பதும் பொய் என்று முதலில் சொன்னவர் ஒரு புகைப்படக்காரராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

அவருக்கு ஒரு கெட்ட யோசனையும் வந்தது. மேடையில் விளக்கை மறுபடியும் கீழ் வலது பக்கமே வைத்துவிட்டால்? கல் கண்ணாடிக்குள் இருக்கும். தள்ளி நின்று பார்க்கிறவர்களுக்கு அதே கயிறுதான் தெரியும். மச்சினிக்கு வேலை நிலைக்கும், வீட்டில் தன் தலையும் தப்பும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கு ஐந்து நிமிடம் யோசித்தார். பிறகு தன்னையே திட்டிக்கொண்டு போனை எடுத்தார்.

மச்சினி புதுச் செருப்பு தடதடக்க ஓடிவந்தாள்.

"என்ன அத்தான், கல்லு உடைஞ்சிடுச்சா?"

"உடைஞ்சிருந்தா தேவலை. விரலை வச்சுப் பாரு."

வைத்தாள். தடத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போனாள், திரும்பி வந்தாள். அவர் பிளக் கதையை ஒன்று விடாமல் சொன்னார்.

"ரெண்டு வருஷம், அத்தான்." குரல் உடைந்தது. "ஒரு அம்பு போட உங்களுக்குக் கை வலிச்சுதா?"

"என் தப்புதான். என்ன வேணும்னாலும் திட்டு."

"திட்டத்தான் போறேன். அக்காகிட்டயும் சொல்லித் திட்ட வைக்கப் போறேன்." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "முதல்ல விளக்கை இந்தப் பக்கம் வைங்க. ஒழுங்கா ஒரு தடவை பார்த்துடறேன்."

விளக்கை மேல் இடது மூலைக்குக் கொண்டுபோகும் வழியில், மேசையின் பக்கவாட்டில் கொஞ்சம் நிறுத்தினார், ஒயர் சிக்கிக்கொண்டதால். "அசையாதீங்க!" என்று கத்தினாள்.

பெரிய தடத்தை நோக்கி ஓரத்திலிருந்து மெல்லிய கீறல் ஒன்று வந்தது. பழைய வெளிச்சம் போன திசையிலேயே அதுவும் ஓடியதால் அறுபது படத்திலும் அதற்கு நிழலே விழவில்லை. அது பெரிய பள்ளத்தைத் தொட்டது, கடந்து போகவில்லை. பள்ளத்துக்குள் இறங்கி, அதன் போக்கிலேயே வளைந்து, கடைசி வரை அதற்குள்ளேயே போயிருந்தது.

"ஒண்ணு போன வழியில இன்னொண்ணு போயிருக்கு," என்றாள். அழுத கண் அப்படியே அகலமாக விரிந்திருந்தது. "எதுக்குப் போச்சு?"

மூன்று மணிக்கு மேடையேறினாள். "நான் எழுதினது தப்பு. இது தோண்டல, ஊர்ந்திருக்கு. படத்தை நம்பி, கல்லைத் தொடாம எழுதினது நான்தான்," என்றாள். பிளக்கைப் பற்றியோ அத்தானைப் பற்றியோ ஒரு வார்த்தை இல்லை. பிறகு கண்ணாடியைத் திறந்து, விளக்கைத் தானே நகர்த்தி, அந்த மெல்லிய கீறலைக் காட்டினாள். இருபது நிமிடம் பேச வேண்டியவள் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டாள். கைதட்டல் பேருக்குத்தான் இருந்தது.

எல்லோரும் கலைந்த பிறகு துறைத்தலைவர் மேடைக்கு வந்தார்.

"இந்த வருஷம் நான் பரிந்துரை பண்ண முடியாதும்மா. என்னன்னு எழுதறது?"

"தெரியும் சார்."

தலையை ஆட்டிவிட்டு வாசல் வரை போனார். கதவில் கை வைத்தவர் திரும்பினார்.

"அந்த ரெண்டாவது இருக்கே... முன்னாடி போனதைத் தின்னவா பின்னாடியே போச்சு? இல்ல, வழி சுலபமா இருந்ததுன்னு போச்சா?"

"தெரியல சார். அதைக் கண்டுபிடிக்கத்தான் எனக்கு இன்னும் ஒரு வருஷம் வேணும்."

துறைத்தலைவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரும்பி வந்து, கல்லின் மேல் குனிந்து, விரலை நீட்டினார்.