துணிமேல் ஒட்டிய ஸ்டிக்கர்

பிரிட்டோவுக்குக் கூச்சம் கூடவே பிறந்தது. அதற்கு நாகரிகம் என்று அவனாகப் பேர் வைத்துக்கொண்டான், ஊரும் நம்பிவிட்டது.

துவாக்குடியில் பந்துவீச்சைச் சோதிக்கும் கூடம் ஒன்றில் அவனுக்கு வேலை. பந்து போடும்போது மடங்கிய முழங்கை பதினைந்து டிகிரிக்கு மேல் நிமிர்ந்தால், அது வீச்சில்லை, எறி. தோள், முழங்கை, மணிக்கட்டு மூன்றிலும் பளபளக்கும் ஸ்டிக்கர்களை ஒட்டிவிட்டால் போதும், சுற்றியுள்ள கேமராக்கள் அவற்றைப் பார்த்தே கணக்குச் சொல்லிவிடும். ஸ்டிக்கரைத் தோலில்தான் ஒட்ட வேண்டும்.

மாநிலப் பெண்கள் அணிக்குத் தயாராகிக்கொண்டிருந்த சுழற்பந்துக்காரி அல்ஷிஃபாவை, நடுவர் ஒருவர் சந்தேகப்பட்டுச் சோதனைக்கு அனுப்பினார். முழுக்கைச் சட்டையோடு வந்தாள். மடித்துவிடச் சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வாளோ என்று பிரிட்டோவே கேள்வியும் கேட்டு, பதிலும் சொல்லிக்கொண்டு, துணிமேலேயே ஒட்டிவிட்டான். கணினி பத்தொன்பது என்றது. அவளுக்குத் தடை விழுந்தது.

சில மாதம் கழித்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் காட்டுவதற்காக அந்தப் பதிவை மெதுவாக ஓட்டினான். பந்து கையை விடும் நேரத்தில் துணி நழுவியது; ஸ்டிக்கரும் கூடவே நழுவியது. கை நிமிர்ந்ததோ கொஞ்சம்தான். பிரிட்டோ இன்னொரு முறை ஓட்டிப் பார்த்தான். பாவி, ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணைப் போட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டான். பதிவை அழித்துவிட்டால் யாருக்குத் தெரியும் என்றும் ஒரு கணம் தோன்றியது. அதற்கும் சேர்த்து வெட்கப்பட்டான்.

தவறு தன்னுடையது என்று கிரிக்கெட் சங்கத்தில் போய்ச் சொன்னான். தடை நீங்கியது. நல்லவேளை, அணித் தேர்வு இன்னும் முடியவில்லை.

செய்தியோடு அவனே ஸ்ரீரங்கத்தில் அவள் பயிற்சி செய்யும் மைதானத்துக்குப் போனான். ஒன்றையும் மறைக்காமல் சொன்னான். அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார். நானே மடிச்சு விட்டிருப்பேன்."

"என் தப்புதாம்மா. இப்ப தடை இல்ல. நாளைக்குத் தேர்வுக்குப் போங்க. பழைய மாதிரியே போடுங்க, போதும்."

அவள் பந்தை எடுத்துப் போட்டாள். திரும்பாமல் நேரே போனது. இன்னொன்று போட்டாள். அதுவும் நேரே போனது.

"தப்பா போடுறேன்னு நெனச்சு, இத்தனை மாசமா அதை மறக்கத்தான் சார் பாடுபட்டேன்," என்றாள் அல்ஷிஃபா. "மறந்துட்டேன்."