பத்துப் பேரும் வந்த காலை

அக்கா ஓட்டும் வேனில் பத்து இருக்கை. பத்தும் நகரத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள் மாதக் கட்டணம் கட்டிப் பிடித்து வைத்தவை. தங்கைக்கோ அன்று அங்கே வணிகப் புள்ளியியல் தேர்வு. அதை எழுதினால்தான் பட்டம்.

"பேசாம முதல் பஸ்ல போயிடு" என்று அக்கா தலைப்பாடாக அடித்துக்கொண்டாள்.

தங்கை கேட்டால்தானே! படித்த படிப்பைச் சொந்த வேனில் காட்டாமல் வேறெங்கே காட்டுவது? ஒவ்வொருவரும் ஐந்து நாளுக்கு ஒரு நாள் மட்டம் போடுகிறவர். ஒருவர் வருவதற்கும் இன்னொருவர் வருவதற்கும் சம்பந்தமில்லை என்று வைத்துக்கொண்டால், பத்துப் பேரும் சேர்ந்து வர வாய்ப்பு நூற்றுக்குப் பதினொன்றுதான்.

"மிச்சம் எண்பத்தொன்பதும் என் பக்கம்க்கா. நம்ம வேன்ல வர்ற தையல்காரர் ஒருத்தர் மட்டம் போட்டாலே எனக்கு ஒரு சீட் ஆச்சே! மனுஷன் என்னைக்கு ஒழுங்கா வந்திருக்கார்?"

மறுநாள் முதல் பஸ் போயிற்று. அவள் சாவகாசமாக டீ குடித்துவிட்டு வேனில் ஏறி உட்கார்ந்தாள்.

நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஆள் ஏறியது. ஒருவர்கூட மட்டம் போடவில்லை. கடைசி நிறுத்தம் தையல்காரருடையது. குளித்து, தலைவாரி, வாட்ச்சைப் பார்த்தபடி நின்றார் அவர்.

தங்கை உட்கார்ந்திருந்ததுதான் மிச்சமிருந்த ஒரே இருக்கை. அடுத்த பஸ் வருவதற்குள் தேர்வு அறைக் கதவைச் சாத்திவிடுவார்கள்.

"அதிசயமா இன்னைக்கு எல்லாரும் வந்துட்டீங்களே" என்றாள், அழுகை முட்ட.

"உங்கக்காதான் நேத்து எல்லாருக்கும் போன் பண்ணாங்க" என்றார் பின் இருக்கை நர்ஸ். "தங்கச்சிக்குப் பரீட்சை, யாரும் லேட் பண்ணிடாதீங்கன்னு. அப்புறம் எப்படிம்மா வராம இருக்கறது?"

சம்பந்தமில்லாத பத்துப் பேராம்! ஒரே நாளில் அத்தனை பேரையும் ஒரு கயிற்றில் கட்டி இழுத்து வந்திருந்தாள் அக்கா. பாடப்புத்தகத்தில் அக்காவுக்கு இடம் வைக்காதது யார் குற்றம்?

"நல்லது பண்றேன்னு நானே உன் கணக்குல மண்ணை அள்ளிப் போட்டுட்டேனே!" என்று அக்கா ஸ்டியரிங்கில் தலையை முட்டிக்கொண்டாள்.

தங்கை பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். காசு கட்டியவர் இருக்கை அவருடையதுதானே.

தையல்காரர் படியில் காலே வைக்கவில்லை. "உட்காரும்மா. எனக்கு இன்னைக்கு டவுன்ல ஒரு வேலையும் இல்ல."

"அப்புறம் எதுக்கு இவ்வளவு காலையில கிளம்பி வந்தீங்க?"

"நீ எழுதப் போறதைப் பாக்கத்தான். போயிட்டு வா."

அவரே கதவைச் சாத்தினார். வரமாட்டார் என்று அவரைத்தானே மலைபோல் நம்பியிருந்தாள்! வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்து அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.